குட்டியானையில் ஏற மறுக்கும் குதிரை

வாயில்லா நோயாளிகள் - 27

அந்தியூர் குருநாத சுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு ஒருமுறையாவது போனவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. காலையில் மேளத்துக்குக் கால் தூக்கி ஆடிய குதிரை, விற்று முடிந்து வண்டிக்குப் போகும்போது கல்லாய்ச் சமைந்து நிற்கும். முன்னால் கதவு திறந்த குட்டியானை. கயிற்றை இழுப்பவர் ஒருவர், யோசனை சொல்பவர்கள் பத்துப் பேர்.

“கண்ணக் கட்டுங்க, ஏறிரும்.”

“பின்னால வெளக்கமாத்தக் காட்டுங்க.”

“இடுப்புக்குக் கயித்தப் போட்டு ரெண்டு பக்கமும் இழுங்கப்பா.”

“ரெண்டு சாத்து சாத்துங்க. எல்லாம் திமிரு!”

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் குதிரை வியர்த்து நனைந்து வண்டிக்குள் நிற்கும். இல்லையென்றால் யாராவது ஒருவர் மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார். இரண்டில் எது நடந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: “திமிர் புடிச்ச குதிரை.”

இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது திமிர் இல்லை. பயம்.

‘எங்கள் வீட்டில் குதிரையே இல்லையே டாக்டர்’ என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கூடையைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஓடும் பூனை உங்கள் வீட்டில் இருக்கலாம். ஆட்டோவில் ஏற மறுக்கும் நாய், டெம்போவைக் கண்டதும் படுத்துக்கொள்ளும் பசு இருக்கலாம். எல்லோருக்கும் பாடம் ஒன்றுதான். குதிரைக்கு உடம்பு பெரியது என்பதால் விளைவும் பெரியது.

குதிரையின் கண்ணால் பாருங்கள்

குதிரை, துரத்தித் தின்னும் இனம் அல்ல, துரத்தப்படும் இனம். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பது அதற்காகத்தான். நின்ற இடத்தில் நின்றபடி தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். பார்க்க முடியாத இடங்கள் இரண்டு. ஒன்று நெற்றிக்கும் மூக்குக்கும் நேர் முன்னால் இருக்கும் சிறு பகுதி. இன்னொன்று வாலுக்கு நேர் பின்னால். ஏற்றும்போது நாம் எங்கே நிற்கிறோம்? ஒருவர் முகத்துக்கு முன்னால் நின்று இழுக்கிறார், இன்னொருவர் வாலுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறார். சரியாக அதற்குக் கண் தெரியாத இரண்டு இடங்களிலும் ஆள் நிற்கிறோம்.

அடுத்தது வெளிச்சம். வெயிலில் இருந்து இருட்டறைக்குள் போனால் நமக்கே சில நொடிகள் கண் தெரியாது. குதிரையின் கண் இருட்டுக்குப் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். தார்ப்பாய் மூடிய வண்டியின் உட்புறம் அதற்கு ஒரு குகை மாதிரி. குகைக்குள் புலி இல்லை என்று நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

மூன்றாவது தரை. காலை வைத்ததும் ‘டங்’ என்று சத்தம் வருகிறது, கொஞ்சம் அசையவும் செய்கிறது. தரை உறுதியாக இல்லாத இடத்தில் கால் வைக்காதே என்பது அதன் ரத்தத்தில் ஊறிய எச்சரிக்கை. ஓட முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் செத்தோம் என்பது இன்னொரு எச்சரிக்கை. கூட இருந்த குதிரைகள் கண்ணில் இருந்து மறைவது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும்போதுதான், ‘ஏறு’ என்று நாம் சவுக்கைக் காட்டுகிறோம்.

சுமந்ததும் சுமக்கப்பட்டதும்

குதிரை நம்மைச் சுமக்கத் தொடங்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. நாம் குதிரையைச் சுமப்பது அந்த அளவுக்குப் பழையது அல்ல. கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியர்கள் அரபுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். ஆனால் தரையில் குதிரை போக வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 1836-ல் நடந்த ஒரு சம்பவம் குதிரைப் பந்தயக்காரர்களிடையே பிரபலம். தெற்கே குட்வுட்டில் இருந்தது எலிஸ் என்ற பந்தயக் குதிரை. பந்தயமோ வடக்கே டான்காஸ்டரில். நடந்து வந்து சேர நாள் போதாது, வந்தாலும் களைத்துப்போயிருக்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்டு எலிஸைக் கழித்துக்கட்டிவிட்டார்கள். லார்ட் ஜார்ஜ் பென்டிங்க் என்பவர், உள்ளே மெத்தை வைத்துத் தைத்த ஒரு வண்டியைச் செய்யச் சொல்லி, அதில் எலிஸை நிறுத்தி, ஆறு குதிரைகள் இழுக்க அனுப்பிவைத்தார். களைப்பில்லாமல் வந்து இறங்கிய எலிஸ் செயின்ட் லெஜர் பந்தயத்தை வென்றது. பந்தயத்தில் பணம் கட்டியவர்கள் தலையில் துண்டு!

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்கு அமெரிக்க வீரர் மைக்கேல் பிளம்பின் குதிரை மார்க்கம் விமானத்தில் சென்றது. வானத்தில் பறக்கும்போது அது மிரண்டு கட்டுக்கடங்காமல் போனது. விமானத்துக்கே ஆபத்து என்ற நிலையில் அதன் உயிரை அங்கேயே முடிக்க வேண்டியதாயிற்று. ஒலிம்பிக் வரை வந்த, நன்றாகப் பழக்கப்பட்ட குதிரை அது. அடைபட்ட இடத்தில் வரும் பயம் எவ்வளவு பெரியது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒரு மார்கழி இரவு

பவானி பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ரேக்ளா ஓட்டும் பெரியவர் ஒருவர். ஏழு வயதுக் குதிரை, பிள்ளை மாதிரி வளர்த்தார். இரவு எட்டு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

“டாக்டருங்களா… குதிரை உருளுதுங்க. வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குதுங்க.”

குதிரைக்கு வயிற்று வலி என்றால் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நாய் மாதிரி, மனிதன் மாதிரி அதனால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது சேர்ந்துகொண்டே இருக்கும். குடல் முறுக்கிக்கொண்டால் சில மணி நேரம்தான் கணக்கு. நான் போய் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, வலிக்கு ஊசி போட்டேன். கொஞ்ச நேரம் அடங்கிய வலி திரும்ப வந்தது. நாடித் துடிப்பு ஏறிக்கொண்டே போனது. தோட்டத்தில் வைத்து இதற்குமேல் எதுவும் செய்ய முடியாது, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்றேன்.

ஒன்பதரைக்கு பிக்கப் வண்டி வந்துவிட்டது. குதிரை ஏறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் சந்தையில் வாங்கிய அன்று ஆறு பேர் சேர்ந்து தள்ளி ஏற்றியதோடு சரி. அதற்குப் பிறகு அது வண்டியில் ஏறியதே இல்லை. அந்த நாளை அது மறக்கவும் இல்லை. வரப்பு மேட்டில் வண்டியை ஒட்டி நிறுத்தினோம். கொள்ளைக் காட்டினோம். வலியில் இருக்கும் குதிரைக்குக் கொள் எதற்கு? கயிறு போட்டோம், விளக்கை அணைத்தோம், திரும்பப் போட்டோம்.

“மயக்க ஊசி போட்டுத் தூக்கி வெச்சுரலாமுங்களா?” என்று கேட்டார் பெரியவர்.

முழுதாக மயங்கிய குதிரைக்கு, ஓடும் வண்டியில் கால் நிற்காது. விழுந்தால் வண்டியோடு போய்விடும். கொஞ்சம் தணிக்கும் அளவுக்குத்தான் மருந்து கொடுக்க முடிந்தது. அதுவும் போதவில்லை. பன்னிரண்டரைக்கு அது முன்னங்காலை மடக்கிப் படுத்தது. இரண்டு மணிக்குள் முடிந்துவிட்டது, பிக்கப் வண்டியின் பின்கதவுக்குப் பத்தடி தூரத்தில்.

நேரத்தில் போயிருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வாய்ப்பு அதற்குக் கிடைக்கவே இல்லை என்பதுதான் வருத்தம். பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு சொன்னார்: “ஓட்டம் பழக்கினேனுங்க, நடை பழக்கினேனுங்க. இதையொண்ணைப் பழக்கலீங்களே.”

வண்டி போகாத நாளில் வரும் பாடம்

அடுத்த ஆடியில் அவர் ஒரு பெண் குதிரை வாங்கினார். இளங்குதிரை, காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும் கத்தியவாரி ஜாதி. சந்தையில் இருந்து வீடு வரை அதை நடத்தியே கூட்டிவந்தார். முதல் வண்டிப் பயணம் அடி உதையோடு இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார். நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வாரம் வண்டி பக்கமே போகவில்லை. தலைக்கயிற்றை மெல்ல முன்னால் பிடிப்பது. குதிரை ஒரு அடி எடுத்து வைத்த அந்த நொடியில் கயிற்றைத் தளர்த்துவது. இவ்வளவுதான். அதேபோல் மெல்லப் பின்னால் தள்ளி, ஒரு அடி பின்வாங்கியதும் விட்டுவிடுவது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இழுக்கும்போது குதிரை எதையும் கற்பதில்லை. இழுப்பு நிற்கும்போதுதான் கற்கிறது. ‘இதைச் செய்தேன், தொல்லை நின்றது’ என்று மனதில் எழுதிக்கொள்கிறது.

சந்தையில் நடப்பதை இப்போது யோசித்துப் பாருங்கள். குதிரை முன்னங்காலைத் தூக்கி எழும்புகிறது. பயந்துபோய் எல்லோரும் கயிற்றை விட்டு விலகுகிறார்கள். குதிரை என்ன கற்றது? எழும்பினால் தொல்லை நிற்கும் என்று. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் எழும்பும். எழும்பச் சொல்லிக் கொடுத்ததே நாம்தான். ஆகவே, எழும்பும் அளவுக்கு அதைக் கொண்டுபோகாமல், அதனால் முடிகிற சின்ன விஷயத்தை மட்டும் கேட்க வேண்டும்.

இரண்டாம் வாரம் ஒரு பலகை. மண் தரையில் போட்டு, அதன்மேல் நடக்கவிட்டோம். முதல் நாள் சத்தம் கேட்டுத் தாண்டிக் குதித்தது. நான்காம் நாள் பலகைமேல் நின்று கொள் தின்றது.

அதன் பிறகுதான் வண்டி. பெரியவரின் மச்சான் மஞ்சள் மூட்டை ஏற்றும் பிக்கப்பை தினமும் சாயங்காலம் தோப்பில் கொண்டுவந்து நிறுத்துவார். மேட்டை ஒட்டி நிறுத்தினால் ஏறும் உயரம் பாதியாகக் குறையும். சக்கரத்துக்குக் கல் கொடுத்தோம். வண்டி அசைந்தால் நம்பிக்கை போய்விடும். தார்ப்பாயை முழுதாக எடுத்து வெளிச்சம் வரவிட்டோம். மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் மேட்டை விரித்தோம். வழுக்காது, சத்தமும் குறையும்.

கொள் வைத்த தட்டு முதல் நாள் வண்டிக்குப் பத்தடி தள்ளி இருந்தது. மறுநாள் ஐந்தடி. பிறகு பின்கதவின் மேல். தட்டைப் பிடிக்கும் வேலை ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்திக்கு. அவள் வண்டிக்குள் எட்டி உட்கார்ந்துகொள்ள மாட்டாள், பக்கவாட்டில் மேட்டின்மேல் நிற்பாள். மிரண்ட குதிரைக்கும் வண்டிச் சுவருக்கும் நடுவில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கவே கூடாது.

ஒருநாள் குதிரை தலையைக் கீழே போட்டுப் பின்கதவை மோந்துகொண்டே நின்றது. பெரியவருக்குப் பொறுக்கவில்லை, கயிற்றை இழுக்கப் போனார்.

“அப்பாரு, இழுக்காதீங்க. அது மோந்து பாக்குது” என்றாள் பேத்தி.

அந்த வயதில் அவளுக்குப் புரிந்தது பெரியவர்கள் பலருக்குப் புரிவதில்லை. தலை தாழ்ந்து மோந்து பார்த்தால் குதிரை யோசிக்கிறது என்று அர்த்தம். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். தலை உயர்ந்து, கழுத்து விறைத்து, கண்ணில் வெள்ளை தெரிந்தால் பயம் ஏறுகிறது என்று அர்த்தம். ஒரு படி கீழே இறங்கி, முன்பு செய்த எளிய பாடத்துக்குப் போக வேண்டும்.

ஒரு கால் வைத்தது. உடனே நாங்களே பின்னால் இறக்கினோம். இரண்டு கால் வைத்தது. திரும்ப இறக்கினோம். “ஏறினதை எதுக்குங்க எறக்கறீங்க?” என்று மச்சான் கேட்டார். இறங்கத் தெரியாததாலேயே ஏற மறுக்கும் குதிரைகள் உண்டு. எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம் என்று தெரிந்தால்தான் ஏறத் தைரியம் வரும்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் எந்த நாளும் நீட்டவில்லை. நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிட்டு லாயத்துக்குக் கூட்டிப்போய்விடுவோம். நான்காம் வாரம் அது தானே நான்கு காலையும் வைத்து ஏறி, தட்டைத் தேடியது. அதன் பிறகு உள்ளே நிற்கும் நேரத்தைக் கூட்டினோம். பின் தடுப்பைப் போட்டு எடுத்தோம். எஞ்சினை ஓடவிட்டோம். தோப்புக்குள் இருபது அடி ஓட்டினோம். கடைசியில் ஊரைச் சுற்றி ஒரு ரவுண்டு.

டென்மார்க்கில், வண்டியில் ஏற மறுக்கும் 12 குதிரைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. ஒரு பாதிக்குக் கயிற்றை இழுத்துத் தளர்த்தும் முறை, மறு பாதிக்குத் தீனி கொடுத்துப் பழக்கும் முறை. பரிசாகத் தீனி பெற்ற குதிரைகளிடம் பதற்றத்தின் அறிகுறிகள் குறைவாக இருந்தன. பயிற்சிக்கு ஆன நேரமும் குறைவு. கொள்ளுக்கு இருக்கும் சக்தி அது.

கவனிக்க வேண்டியவை

* கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை பின்னால் பாய்ந்தால் விரல் போய்விடும். மடித்துப் பிடியுங்கள்.

* குதிரைக்கு நேர் பின்னாலோ நேர் முன்னாலோ நிற்காதீர்கள். தோள்பட்டைக்குப் பக்கத்தில், அது பார்க்கும் இடத்தில் நில்லுங்கள்.

* ஏற்றும்போது முதலில் பின் தடுப்பு, பிறகு தலைக்கயிறு. இறக்கும்போது முதலில் தலைக்கயிற்றை அவிழ்த்துவிட்டு, பிறகு பின் தடுப்பு. இந்த வரிசை மாறினால், தலை கட்டியபடி குதிரை பின்னால் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொள்ளும்.

* தூரப் பயணத்தில் தலையை உயரக் கட்டாதீர்கள். தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசும் வெளியேறும். மணிக்கணக்கில் தலை நிமிர்ந்தே நின்றால் நுரையீரலில் சீழ் பிடிக்கலாம். வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்த விடுங்கள், தண்ணீர் காட்டுங்கள்.

* வழுக்காத தளம், குதிரைகளுக்கிடையே மூங்கில் தடுப்பு, கூடவே ஒரு ஆள். இவை என் யோசனை மட்டும் அல்ல. விலங்குகளை ஏற்றிச் செல்வதற்கான 1978-ம் ஆண்டு விதிகளிலேயே இருக்கின்றன.

* ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குதிரைக்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. அதன் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. சடாரென்று பிரேக் அடித்தால் மூஞ்சி போய் முட்டும். ஒரு மாதம் பழக்கியதை ஒரே பிரேக்கில் அழித்துவிடலாம்.

* நேற்று வரை ஒழுங்காக ஏறிய குதிரை திடீரென்று மறுத்தால், முதலில் உடம்பைப் பாருங்கள். காலிலோ முதுகிலோ வலி இருக்கலாம். பழக்குவது அதற்குப் பிறகு.

பூனைக்கும் இதேதான்

கூடையை டாக்டரிடம் போகும் நாளில் மட்டும் பரண்மேல் இருந்து இறக்கினால் பூனை ஓடத்தான் செய்யும். கூடையை ஹாலில் திறந்தே வையுங்கள். உள்ளே பழைய துணி, அதன்மேல் கொஞ்சம் கருவாடு. பத்து நாளில் அதுவே அங்கே போய்த் தூங்கும். நாயை ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஆட்டோவில் கூட்டிப்போகாமல், நான்கு முறை சும்மா ஒரு தெரு சுற்றிக் கூட்டி வாருங்கள். பசுவுக்கு டெம்போவின் பின்பலகையில் பச்சைப்புல் வைத்துப் பழக்குங்கள். எங்கள் அனுபவத்தில், இரவு நேர அவசரத்தில் பாதி நேரம் நோயோடு போராடுவதில் போவதில்லை. ஏற்றுவதில்தான் போகிறது.

பெரியவரின் பெண் குதிரை போன வருடம் கீழே கிடந்த கம்பியில் காலைக் கிழித்துக்கொண்டது. ஆழமான காயம், தையல் போட நல்ல வெளிச்சமும் இடமும் வேண்டும். இரவு ஒன்பதரைக்குப் போன் செய்தார். “கொண்டு வாங்க” என்றேன். பத்தேகாலுக்கு வாசலில் பிக்கப் நின்றது. இப்போது நொண்டல் இல்லாமல் ஓடுகிறது.

குதிரை வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஒன்று மட்டும் செய்யுங்கள். எங்கும் போக வேண்டியில்லாத ஒரு சாயங்காலம் பார்த்து, வண்டியைக் கொண்டுவந்து லாயத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு தட்டில் கொள்ளைப் போட்டு பத்தடி தள்ளி வையுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும்.

அடுத்த வாரம்: பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்கும் நாயை என்ன செய்வது?